சேணம் இல்லாத குதிரையில் ஒரு கவர்னர்

வாசகர் கேள்வி பதில்

இரண்டு இதழ்களுக்கு முன் சென்னையின் பழைய சிலைகளைப் பற்றிப் போகிற போக்கில் கொஞ்சம் எழுதியிருந்தேன். அதில் தீவுத்திடல் மன்றோ சிலைக்கு ஒரே ஒரு வரிதான் கொடுத்திருந்தேன். வந்த கடிதங்களில் முக்கால்வாசி அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு கேட்கின்றன. சரி, இந்த முறை மற்ற கேள்விகள் காத்திருக்கட்டும், மன்றோவைப் பற்றி வந்தவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: பேரனோடு பஸ்ஸில் பாரிமுனை போய்க்கொண்டிருந்தேன். சிம்சன் தாண்டிப் பாலம் இறங்கியதும், "பாட்டி, குதிரை மேல யாரு?" என்று கேட்டான். முப்பது வருஷமாக அந்த வழியில் போய் வருகிறேன், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. யார் அவர்? நடு ரோட்டில் எதற்காக நிற்கிறார்?
வாசகி, ராயப்பேட்டை

பதில்: பேரனிடம் இப்படிச் சொல்லுங்கள் அம்மா. அவர் பெயர் தாமஸ் மன்றோ, ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ என்ற ஊரில் 1761-ல் பிறந்தவர், பதினெட்டு வயதில் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் சேர்ந்து 1780-ல் கப்பலில் சென்னைக்கு வந்து இறங்கினார். அதே வருஷம்தான் ஹைதர் அலி கர்நாடகப் பகுதிக்குள் படையோடு இறங்கினார். ஆகவே பையனுக்கு வந்தவுடனே போர். அதோடு நின்றிருந்தால் ஆயிரம் சிப்பாய் அதிகாரிகளில் ஒருவராகப் போயிருப்பார்.

1792-ல் திப்புவிடமிருந்து பாராமகால், அதாவது இன்றைய கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம் பக்கம் கம்பெனிக்கு வந்தது. அங்கே வரி நிர்வாகத்தைக் கவனிக்க அலெக்சாண்டர் ரீட் என்ற ராணுவ அதிகாரியைப் போட்டார்கள், அவருக்கு உதவியாளர்களில் ஒருவராக மன்றோ போனார். தர்மபுரியில் வீடு, தோட்டம், ஊர் ஊராகக் குதிரையில் சுற்றுவது, எந்த வயல் யாருடையது, மண் என்ன மண், எவ்வளவு விளையும் என்று விசாரிப்பது. ஏழு வருஷம் இதே வேலை. அப்புறம் கன்னட கடற்கரைப் பகுதி, அதற்குப் பிறகு நிஜாமிடமிருந்து வந்த பெல்லாரி, கடப்பா, அனந்தப்பூர், கர்னூல் பகுதிகளில் 1800 முதல் 1807 வரை. நடுவில் சில வருஷம் தாய்நாட்டில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர், 1820-ல் சென்னை மாகாணத்துக்கே கவர்னர் ஆனார். இன்றைய கவர்னர் பதவியை மனதில் வைத்துப் பார்க்க வேண்டாம். அந்தக் காலத்து கவர்னர்தான் அரசாங்கம்: வரி, கோர்ட், படை எல்லாம் அவர் கையெழுத்தில் நடக்கும், அதுவும் இன்றைய தமிழ்நாட்டோடு ஆந்திரா, கேரளா, கர்நாடகாவின் பெரும் துண்டுகளும் சேர்ந்த மாகாணத்துக்கு.

அவர் சாவும் முன்பு வேலை பார்த்த ஊர்களைத் தேடிப் போன இடத்தில்தான். விலகி ஊருக்குப் போக அனுமதி கேட்டிருந்தார், முதல் பர்மியப் போர் வந்து தடுத்துவிட்டது. மகனுக்கு உடம்பு சரியில்லாததால் மனைவி குழந்தையோடு 1826-ல் முன்னாலேயே கப்பல் ஏறிவிட்டார். தானும் கிளம்புவதற்கு முன், மன்றோ தான் கலெக்டராக இருந்த கடப்பா, பெல்லாரிப் பக்கத்து மக்களை ஒரு முறை பார்த்துவிட்டு வரலாம் என்று 1827 கோடையில் கிளம்பியவர், கர்னூல் பக்கம் பத்திகொண்டாவில் காலரா வந்து ஜூலை 6-ஆம் தேதி இறந்துபோனார். மனைவி போன கடல்வழியில் அவர் போகவே இல்லை.

அதற்குப் பிறகு பொதுமக்களிடம் சந்தா வசூலித்து லண்டன் சிற்பி பிரான்சிஸ் சான்ட்ரியிடம் வெண்கலத்தில் இந்தச் சிலையைச் செய்யச் சொன்னார்கள். ஆறு டன் எடை. கப்பலில் வந்து, 1839-ல் இங்கே திறக்கப்பட்டது. அன்றைக்குக் கோட்டையிலிருந்து மவுண்ட் ரோடு போகும் வழி அது, இருபுறமும் வெட்டவெளி. சிலை எதற்காக நடு ரோட்டில் நிற்கிறது என்று கேட்டீர்கள் அல்லவா, இன்றைய போக்குவரத்துதான் அவரைச் சுற்றி வந்து சேர்ந்தது.

கேள்வி: சிற்பி சேணமும் அங்கவடியும் (கால் வைக்கும் வளையம்) வைக்க மறந்துவிட்டார், திறப்பு விழா அன்று ஒரு சிறுவன் அதைச் சுட்டிக்காட்டியதும் அவமானம் தாங்காமல் தற்கொலை செய்துகொண்டார் என்று எங்கள் பள்ளி ஆசிரியர் சொன்னார். வாட்ஸ்அப்பிலும் இதே கதை வருகிறது. உண்மையா?
வாசகர், தாம்பரம்

பதில்: உண்மை இல்லை ஐயா. நானும் சின்ன வயதில் நம்பியதுதான், எங்கள் தெருவில் எல்லோரும் நம்பினார்கள். இந்தக் கதையால் அந்தச் சிற்பிக்கு நடக்கும் அநியாயத்தை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சான்ட்ரி அந்தக் காலத்தில் இங்கிலாந்தின் முதல் வரிசைச் சிற்பி. அவர் பெரிய அளவில் செய்த குதிரைச் சிலைகள் மூன்று. ஒன்று நம்முடையது. இரண்டாவது நான்காம் ஜார்ஜ் மன்னர், லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் நிற்கிறது. மூன்றாவது வெலிங்டன் பிரபு, லண்டன் ராயல் எக்ஸ்சேஞ்ச் முன்னால் நிற்கிறது, அதை அவர் இறந்த பிறகு அவருடைய உதவியாளர் முடித்துக் கொடுத்தார். படம் எடுத்துப் பாருங்கள், மூன்றிலும் சேணம் கிடையாது, அங்கவடி கிடையாது. ஒரு குதிரையில் மறந்தார் என்றால் நம்பலாம், மன்னர் குதிரையிலும் மறந்தாரா, போர் ஜெயித்த தளபதி குதிரையிலும் மறந்தாரா? களிமண்ணில் மாதிரி செய்து, அச்சு எடுத்து, வெண்கலம் வார்த்து, வருஷக்கணக்கில் இழுக்கிற வேலை இது. பத்துப் பேர், இருபது பேர் தினமும் பார்த்துக்கொண்டு நிற்கிற பட்டறையில் ஒருவர் கண்ணிலும் படாமல் போகாது.

விஷயம் இதுதான். அந்தக் காலத்து ஐரோப்பியச் சிற்பிகளுக்குக் கிரேக்க, ரோமானியச் சிலைகள்தான் பாடப்புத்தகம். ரோமில் மார்க்கஸ் அரேலியஸ் பேரரசரின் குதிரைச் சிலை ஒன்று இருக்கிறது, அதிலும் அங்கவடி இல்லை, ஏனென்றால் ரோமானியர்களிடம் அந்தப் பொருளே கிடையாது, பல நூற்றாண்டு கழித்துத்தான் ஐரோப்பாவுக்கு வந்தது. பழைய ரீதியில் ஒரு பெரிய மனிதரைக் காட்ட வேண்டும் என்றால் இந்த இடைக்காலச் சாமான்களை எடுத்துவிட வேண்டும் என்று நினைத்தார்கள். இன்னொரு நன்மையும் உண்டு. சேணம், வார், பக்கிள் எதுவும் குறுக்கே இல்லாததால் குதிரையின் முதுகும் விலாவும் முழுசாகக் கண்ணுக்குக் கிடைக்கின்றன. சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில், வண்டி நடமாட்டம் தொடங்கும் முன், இதற்காகவே போய் நின்று பார்த்தேன். மேலே உட்கார்ந்திருப்பவரை மறந்துவிட்டுக் குதிரையை மட்டும் பத்து நிமிஷம் பார்த்தால் சான்ட்ரி ஏன் அப்படிச் செய்தார் என்று புரிந்துவிடுகிறது.

தற்கொலையும் இல்லை. சிலை திறந்து இரண்டு வருஷம் கழித்து, 1841-ல், லண்டனில் தன் வீட்டில் திடீரென்று உடம்பு முடியாமல் இறந்தார். உங்கள் ஆசிரியர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார், ஆனால் அடுத்து யாராவது அனுப்பினால் இந்த மூன்று குதிரைகளின் படத்தையும் பதிலுக்கு அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: நீல் சிலையைப் போராடி எடுத்தோம். மற்ற வெள்ளைக்காரர் சிலைகள் எல்லாம் மியூசியத்துக்குப் போய்விட்டன. இவர் மட்டும் ஏன் இன்னும் கோட்டைக்குப் பக்கத்திலேயே நிற்க வேண்டும்? வரி வசூல் செய்தவருக்கு நாம் ஏன் மரியாதை காட்ட வேண்டும்?
வாசகர், ஆவடி

பதில்: உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது, அதை ஒதுக்கிவிட்டுப் பேச மாட்டேன். ஆனால் நீலையும் மன்றோவையும் ஒரே தட்டில் வைக்க என்னால் முடியவில்லை.

நீல் 1857-ல் சென்னைப் படையோடு வடக்கே போய் பனாரஸ், அலகாபாத், கான்பூர் வழியெல்லாம் கண்ணில் பட்டவர்களைத் தூக்கில் போட்டவர். அவருக்கு மவுண்ட் ரோட்டில் சிலை வைத்தது நம் முகத்தில் அறைந்தது மாதிரி. 1927-ல் சத்தியாகிரகிகள் சுத்தியலோடு போய்க் கைதானார்கள், 1937-ல் ராஜாஜி அமைச்சரவை வந்ததும் சிலை எழும்பூர் மியூசியத்துக்குப் போனது. போனது சரி. அதே ராஜாஜி ஆட்சி மன்றோவைத் தொடவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

இனி வரி. இங்கேதான் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கணும். வங்காளத்தில் 1793-ல் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் ஜமீன்தார்களைக் கூப்பிட்டு, இவ்வளவு கட்டு, மற்றதெல்லாம் உன்பாடு என்று நிரந்தரமாக எழுதிக் கொடுத்துவிட்டார். சென்னையிலும் அதைக் கொண்டுவரச் சொல்லி மேலிடத்து நெருக்கடி இருந்தது, பல இடங்களில் வந்தும்விட்டது. பாராமகாலில் வயல் வயலாக நடந்த மன்றோ அதை எதிர்த்தார். நடுவில் ஜமீன்தார் வேண்டாம், உழுகிற குடியானவர் பெயரிலேயே நிலத்தை எழுது, மண்ணைப் பார்த்து வரி வை, அவரிடமே வாங்கு, ரசீது அவர் கையில் கொடு. இதுதான் ரயத்துவாரி. ரீட் ஆரம்பித்து வைத்ததை மன்றோ பிடிவாதமாக, இருபது வருஷம் கடிதம் கடிதமாக எழுதி, லண்டன் வரை போய் வாதாடி, கவர்னர் ஆனதும் மாகாணத்துக்கே பொதுவாக்கினார். பட்டா, ஜமாபந்தி என்ற சொற்கள் அவருக்கு முந்தியவை. ஆனால் இன்று நீங்கள் தாலுகா ஆபீஸில் உங்கள் பெயரில் பட்டா கேட்டு நிற்கிறீர்களே, மே ஜூனில் ஜமாபந்தி என்று கிராமக் கணக்கை அதிகாரிகள் மேஜையில் விரிக்கிறார்களே, அந்த வழக்கம் இந்தக் கையிலிருந்து வந்ததுதான்.

சரி, இதனால் குடியானவர் வாழ்ந்தாரா? நல்ல பதில் சொல்ல முடியவில்லை. வரி மிக அதிகம். ஆந்திரப் பக்கத்து மாவட்டங்களில் அவர் போட்ட கணக்கே மொத்த விளைச்சலில் சுமார் 45 சதவீதம். அது தாங்காது, கால் பங்கு குறைக்க வேண்டும் என்று அவரே 1807-ல் மேலே எழுதினார். கேட்கவில்லை. மழை பொய்த்தாலும் பணம், விலை விழுந்தாலும் பணம். கட்ட முடியாதவர்களை வசூல் ஆட்கள் வெயிலில் நிறுத்தினார்கள், விரல்களைக் கிட்டியில் வைத்து நெருக்கினார்கள். இது வதந்தி இல்லை, அரசாங்கமே விசாரணைக் குழு போட்டு 1855-ல் அறிக்கையாக வெளியிட்டது. மன்றோ இறந்து 28 வருஷம் ஆகியிருந்தாலும், அவர் வடித்த முறையின் பெயரில்தான் நடந்தது.

எனக்கு இதைவிடப் பெரிதாகத் தோன்றுவது வேறொன்று. உழுகிறவர் பெயரில் பட்டா என்று சொன்னார்களே தவிர, தஞ்சாவூரிலும் செங்கல்பட்டிலும் சேற்றில் இறங்கி உழுத பள்ளர், பறையர் பெயரில் அது எழுதப்படவில்லை. மிராசுதார் பெயரில், சாதியில் மேலே இருந்த குடிகளின் பெயரில் எழுதப்பட்டது. அந்தப் பிழையை அரசாங்கம் ஏறிட்டுப் பார்க்கவே 1891-ல் செங்கல்பட்டு கலெக்டர் டிரெமென்ஹீர் அறிக்கை கொடுக்க வேண்டியிருந்தது, அதிலிருந்துதான் ஒடுக்கப்பட்ட சாதியாருக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலம் வந்தது. அந்த நிலமும் எத்தனை பேர் கையில் தங்கியது என்று உங்களுக்கே தெரியும்.

இவ்வளவையும் எழுதிவிட்டு மறுபக்கத்தையும் எழுத வேண்டும். 1822-ல், மாகாணம் முழுக்க எத்தனை பள்ளிக்கூடம், யார் யார் படிக்கிறார்கள் என்று ஜில்லா கலெக்டர்களிடம் கணக்குக் கேட்டார். திண்ணைப் பள்ளிகள் உட்பட 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள் என்று வந்தது, மக்கள்தொகை ஒன்றே கால் கோடிக்குச் சற்று மேல். நம் ஊரில் வெள்ளைக்காரர் வரும் முன் படிப்பே இல்லை என்று யார் சொன்னாலும் எடுத்து வைக்க நம்மிடம் இருக்கிற முதல் எண் இது, கேட்டு வாங்கியவர் அவர்தான். 1824 கடைசியில் எழுதிய நீண்ட குறிப்பில், இந்தியர்களைப் பெரிய பதவிகளுக்கு விடாமல் வைத்திருப்பது ஒரு ஜனத்தையே தாழ்த்துவது என்றும், இவர்கள் தங்களைத் தாங்களே ஆளத் தயாராகும் நாளை நோக்கியே நம் ஆட்சி இருக்க வேண்டும் என்றும் எழுதினார். காந்தி பிறக்க 45 வருஷம் இருக்கிறது அப்போது. அதே மனிதர் 1822-ல் இந்தியாவில் சுதந்திரப் பத்திரிகை ஆபத்து என்றும் எழுதியிருக்கிறார், அதையும் மறைக்கக் கூடாது, பத்திரிகையில் எழுதுகிற நான் நிச்சயமாக மறைக்கக் கூடாது.

மரியாதை காட்டச் சொல்லி நான் கேட்கவில்லை. சிலை நிற்கட்டும், யார் என்று தெரிந்து நிற்கட்டும் என்கிறேன்.

கேள்வி: மந்த்ராலயத்தில் ராகவேந்திர சுவாமிகள் இவருக்குக் காட்சி கொடுத்தார் என்கிறார்களே, அவரா இவர்? திருப்பதியில் மன்றோ கங்காளம் என்பதும் இவர் பெயர்தானா?
வாசகி, மேற்கு மாம்பலம்

பதில்: அவரேதான். மடத்துக்கு விட்ட மானிய நிலத்தைப் பற்றி விசாரிக்க மந்த்ராலயம் போனார், தொப்பியையும் செருப்பையும் கழற்றிவிட்டு உள்ளே போய் சுவாமிகளின் பிருந்தாவனத்தின், அதாவது ஜீவசமாதியின், முன் நின்றார், கூட வந்தவர்கள் கண்ணுக்கு யாரும் தெரியவில்லை, ஆனால் அவர் யாரோடோ பேசிக்கொண்டிருந்தார், வெளியே வந்ததும் நிலம் மடத்துக்கே என்று எழுதிவிட்டார். பக்தர்கள் சொல்வது இது. சுவாமிகள் பிருந்தாவனப் பிரவேசம் செய்தது 1671-ல், மன்றோ அந்தப் பகுதியில் கலெக்டராக இருந்தது 1800-க்குப் பிறகு. மானிய நிலங்களை விசாரிப்பது அவர் வேலையிலேயே சேர்ந்தது, ஆகவே அவர் அங்கே போயிருக்க எல்லா முகாந்திரமும் உண்டு. உள்ளே என்ன நடந்தது என்பது நம்புகிறவர்களின் விஷயம், அதில் நான் கை வைக்க மாட்டேன். திருமலையில் பொங்கல் நைவேத்தியத்துக்கான பெரிய பாத்திரத்துக்கு அவர் பெயர் வழங்குவதும் உண்மை. வயிற்று வலி தீர்ந்து நேர்ந்துகொண்டு கொடுத்தார் என்பது அங்கே சொல்லும் கதை. ராயலசீமைப் பக்கம் பிள்ளைகளுக்கு மன்றோலப்பா என்று பெயர் வைத்தார்கள் என்றும் சொல்வார்கள். வரி வாங்க வந்தவரின் பெயரை ஒரு தாய் தன் பிள்ளைக்கு வைத்திருக்கிறாள் என்றால், அந்த ஊர்க்காரர்கள் அவரிடம் எதையோ பார்த்திருக்கிறார்கள்.

கேள்வி: கொல்லம் பக்கத்து மன்றோ துருத்துக்குப் போனோம். இவர் பெயரில் உள்ள தீவா?
வாசகர், கொளத்தூர்

பதில்: இல்லை. அது திருவிதாங்கூரில் கம்பெனியின் பிரதிநிதியான ரெசிடென்டாகவும் திவானாகவும் இருந்த ஜான் மன்றோ பெயரில் உள்ளது. வேறு ஆள்.

கேள்வி: அவர் கல்லறை எங்கே இருக்கிறது? போய்ப் பார்க்க முடியுமா?
வாசகர், வில்லிவாக்கம்

பதில்: முதலில் ஆந்திராவில் குத்தி என்ற கோட்டை ஊரில் அடக்கம் செய்தார்கள். 1831-ல் எடுத்துவந்து நம் கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரீஸ் தேவாலயத்தில் வைத்தார்கள். 1680-ல் கட்டி முடித்த கோயில் அது. தலைமைச் செயலகம் இருப்பதால் வாசலில் சோதனை இருக்கும், கையில் அடையாள அட்டை வைத்துக்கொண்டு பகலில் போங்கள். அதே கோட்டையில் உள்ள மியூசியத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள், காரன்வாலிஸ் சிலை அங்கேதான் நிற்கிறது. வங்காளத்து ஜமீன்தாரி முறையைக் கொடுத்தவர் உள்ளே, அதை எதிர்த்தவர் வெளியே ரோட்டில்.

கேள்வி: நான் கல்லூரியில் வரலாறு படிக்கிறேன். சிலைக்குப் பக்கத்தில் தமிழில் ஒரு தகவல் பலகை வைக்க உங்களிடம் சொன்னால் அதில் என்ன எழுதுவீர்கள்? வண்டியில் போகிறவர் சிக்னலில் நிற்கும் நேரத்துக்குள் படித்து முடிக்கும்படி இருக்க வேண்டும்.
வாசகர், சேப்பாக்கம்

பதில்: நல்ல கேள்வி தம்பி, மூன்று நாள் யோசிக்க வைத்துவிட்டீர்கள். சிக்னல் நேரம் என்று சொன்னதால் பட்டங்கள், விருதுகள், ஜெயித்த போர்கள் எல்லாவற்றையும் வெட்டிவிட்டேன். கவர்னரைப் புகழ்ந்தோ திட்டியோ ஒரு சொல்லும் போடவில்லை. எழுதி, அடித்து, மறுபடி எழுதியதில் மிஞ்சியது இது:

"தாமஸ் மன்றோ, 1761–1827. ஏழு ஆண்டுகள் சென்னை மாகாண கவர்னர். ஜமீன்தார் இல்லாமல் குடியானவரிடம் நேரே வரி வாங்கும் முறையை இங்கே நிலைநாட்டினார். உங்கள் வீட்டில் உள்ள பட்டா அந்த வழியில் வந்தது. வரி தாங்க முடியாததாக இருந்தது. கூலிக்கு உழுதவர்களுக்குப் பட்டா கிடைக்கவில்லை. 1822-ல் நம் பள்ளிக்கூடங்களை எண்ணச் சொன்னவரும் இவர்தான். பத்திகொண்டாவில் காலராவில் இறந்தார். சிற்பி பிரான்சிஸ் சான்ட்ரி. சேணம் இல்லாதது அவர் விரும்பிச் செய்தது."

கடைசி இரண்டு வரியை எடுத்துவிடலாம் என்று வீட்டில் சொன்னார்கள். நான் எடுக்கவில்லை. நின்று பார்க்கிறவர்களில் பாதிப் பேர் முதலில் கேட்கப்போவது அதைத்தானே. உங்கள் வகுப்பில் இதைவிடக் குறைந்த சொற்களில் யாராவது எழுதினால் அனுப்பிவையுங்கள், அடுத்த இதழில் போடுகிறேன்.